நாற்பது மீட்டர் கயிறு

காங்கயம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஐந்தாம் வகுப்பில், 'நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு' என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். பரீட்சையில் மட்டும் நான் இரண்டையும் பெருக்கி வைத்துவிட்டு வருவேன். எது சுற்றளவு, எது பரப்பளவு என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒருநாள் டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். காய்கறி போட ஒதுக்கிய இடம். நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர். நாலு மூலையிலும் குச்சி ஊன்றித் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிக் கட்டினோம். கயிற்றை ஒட்டியே ஒவ்வொருவராக நடக்கச் சொன்னார். "பொறப்பட்ட குச்சிக்கே திரும்பி வரோணும். நடுவுல நின்னாலும் தப்பு, தாண்டிப் போனாலும் தப்பு" என்றார். நெருஞ்சி முள் குத்தக் குத்த நடந்தேன். பன்னிரண்டு, எட்டு, மறுபடி பன்னிரண்டு, எட்டு. நாற்பது. அத்தனை நாள் வாயில் கிடந்த சூத்திரம் அன்றைக்குத்தான் காலுக்கு வந்தது.

ஒரு மூலையில் அடிபம்பு இருந்தது. அதற்கு 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் விட்டாக வேண்டும். "இப்ப எத்தனை மீட்டர் கயிறு வேணும்?" என்று கேட்டார் டீச்சர்.

"முப்பத்தஞ்சுங்க டீச்சர்!" நான் முந்திக்கொண்டேன்.

சரி, தப்பு எதுவும் அவர் சொல்லவில்லை. பம்புக்கு விட்ட இடத்தை ஒட்டி மூன்று குச்சிகள் ஊன்றினார். மூலைக் குச்சியிலிருந்து கயிற்றைக் கழற்றினார். மிச்சக் கயிற்றைச் சுருட்டலாம் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கயிற்றை உள்பக்கம் இழுத்து மூன்று குச்சியிலும் மாட்டினார். விறைப்பாக நின்றது கயிறு. விரற்கடை அளவுகூட மிஞ்சவில்லை. வெளியே சுற்றிய மூன்றும் இரண்டும்தான் உள்ளே மடங்கி வந்திருந்தன.

"எடம் 96 சதுர மீட்டர்ல இருந்து 90 ஆயிருச்சு. வேலி மட்டும் அதே நாப்பதுதான்" என்றார். ஒன்று சுருங்கியும் மற்றது சுருங்காமல் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு, நான் இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை. பிள்ளைகளுக்குச் சூத்திரத்தைப் பிறகு சொல்லலாம். முதலில் சுற்றி நடக்க விட வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் வேலிக்குக் கிளுவைக் கொம்பு வெட்டிக்கொண்டிருந்தார். காட்டு மூலையில் கன்னிமார் கோயிலுக்கு இடம் விட்டிருந்தோம்.

"ஏனுங்கப்பா, கோயிலுக்கு எடம் உட்டாலும் கொம்பைக் கொறைச்சு வெட்டீராதீங்க."

அப்பா அரிவாளை நிறுத்தினார். "மொடக்கு வந்தா வேலி கொறையாதுதான் கண்ணு. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"சுத்தி நடந்து பார்த்தனுங்கப்பா" என்றேன்.