பழந்துணிப் பை

ஊர் விட்டு வந்து மலைமீது குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அன்று கையோடு கொணர்ந்த உடைமைகளை எண்ணினால், ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணிப்பையுமே பெரும்பாலும் மிஞ்சும். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகப் பீர்மேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோரின் வழியினர் நாம். ஏலப்பாறையில் வாழும் நம் போன்றோர்க்கு அந்த மஞ்சள் பை ஊரின் அடையாளமாகவே இருந்தது.

பின்னாளில் அப்பை நாணத்திற்குரியதாயிற்று. மஞ்சப்பைக்காரன் என்பது பட்டிக்காட்டானைக் குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. வேற்று மொழி வழங்கும் நிலத்தில் வாழ்வோர்க்கு ஏளனத்தின் மீது அச்சம் சற்று மிகுதி. கடைக்காரர் விலையின்றித் தந்த பிளாஸ்டிக் பை நாகரிகமாகத் தோன்றியது. துணிப்பை பரணில் ஏறியது. விளைவை நம் மழைக்காலம் காட்டிற்று. ஓடைகளை அடைத்தும் தேயிலைச் செடிகளின் அடியில் சிக்கியும் அந்த நாகரிகம் கிழிந்து கிடந்தது.

இன்று காலம் திரும்பியிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 சனவரி முதல் நாளிலும், கேரளம் 2020 சனவரி முதல் நாளிலும் தடை விதித்தன. 2021 திசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. ஏளனச் சொல்லே இயக்கத்தின் பெயராயிற்று!

ஆயினும் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சட்டம் கையிலிருந்த பையை வாங்கிக்கொள்ளும். மாற்றுப் பையைத் தைத்துத் தராது. அவ்விடத்தை நிரப்பத் திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பெயர் அச்சிட்ட புதுப் பைகள் வழங்கப்படுகின்றன. துணிபோல் தோன்றும் அவற்றுட் பல உண்மையில் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. பருத்தியே ஆயினும், புதிதாக நெய்த துணிக்கு நீரும் நிலமும் உரமும் செலவாகியிருக்கின்றன.

டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் கணக்கிட்டது. பிளாஸ்டிக் பைக்கு ஈடாகப் புதிய பருத்திப் பை ஒன்றைப் பருவநிலைக் கேட்டளவில் 52 முறையும், ஏனைய கேடுகளையும் சேர்த்தால் 7,100 முறையும் பயன்படுத்த வேண்டுமாம். மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகக் கூட்டிக் கழித்துப் பழகிய நாம் இதையும் கணக்கிட்டோம். வாரம் இருமுறை சந்தைக்குச் சென்றால் 52 முறை என்பது அரையாண்டு. 7,100 முறை என்பதோ 68 ஆண்டு! வழியில் சிதறும் குப்பையின் கேடு அவ்வாய்வில் சேரவில்லை. மலைவாழ் நமக்கு அதுவே பெருங்கேடு. ஆகவே பிளாஸ்டிக்குக்கு மீளலாம் என்பது இதன் பொருளன்று. புதுத்துணியைத் தேடாது, உழைத்து ஓய்ந்த துணியை நாடுக என்பதே பொருள். கிழிந்த வேட்டி தன் கடனை ஏற்கெனவே தீர்த்துவிட்டது.

அலுவலகம் விட்டு வந்த மாலைகளில் தையல் இயந்திரத்தை மிதிப்பது நம் வழக்கம். வேட்டியின் நடுப்பகுதி நைந்திருக்கும். கரையோரம் உறுதியாக இருக்கும். கரையையே நான்காக மடித்துக் கைப்பிடியாக்குகிறோம். பை கிழிவது பெரும்பாலும் பிடி சேருமிடத்தில்தான். எனவே அங்குச் சதுரமாகத் தைத்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒரு பெருக்கற்குறி இடுகிறோம். பக்கங்களை இருமுறை தைத்தால் நூல் பிரியாது. மிஞ்சிய மென்துணி அடுப்படித் துடைப்பானாகும். காகிதக் கைக்குட்டை வாங்க வேண்டுவதில்லை.

கர்க்கடக மழையில் துணிப்பை நனைந்தால் எளிதில் உலராதே என்பர். அதற்கும் நம் வீட்டு மூலையிலேயே மருந்துண்டு. கம்பி ஒடிந்த குடையின் துணி எட்டு முக்கோணத் துண்டுகளாலானது. நான்கு துண்டுகளைத் தலைமாற்றித் தலைமாற்றி இணைத்து, இரு ஓரங்களையும் சேர்த்து, அடியைத் தைத்தால் ஒரு பை. குடைக்கு இரண்டு பை. மழையைத் தாங்கிய துணி பின்னர் மழையில் காய்கறியைத் தாங்குகிறது.

அன்பர்களே! சங்கத்தின் அடுத்த விழாவிற்குப் புதுப் பைகள் அச்சிட வேண்டா. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பழந்துணியில் ஒரு பை தைத்து வரட்டும். பிள்ளைகளுக்கு ஊசியில் நூல் கோக்கவும் ஓரம் மடிக்கவும் அன்றே கற்றுக்கொடுப்போம். தாத்தாவின் வேட்டியையும் பாட்டியின் சேலையையும் தோளில் தொங்கவிட்டு அவர்கள் கடைத்தெருவில் நடப்பார்களாயின், மலையேறி வந்தோரின் நினைவும் உடன் நடக்கும். அதில் நாணத்திற்கு இடமேது?