அசையாத காந்தாரம்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. சுன்னாகத்தில் நாம் பௌதிகம் படிப்பித்து வந்த பாடசாலைக்குக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் இலத்திரனியல் இசைப்பெட்டி ஒன்றை அன்பளிப்புச் செய்திருந்தனர். பெட்டிக்கு மாலை போடாத குறையாக விழா எடுத்தோம். விழா முடிந்து கதிரைகளை அடுக்கிய பின், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தப் பெட்டியருகே தயங்கி நின்றாள். அவளுடைய தகப்பனார் சுன்னாகச் சந்தையில் மரக்கறி மூடை சுமப்பவர். வீணை வாங்கும் வசதி அந்த வீட்டில் இல்லை. பாடசாலை வீணையில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் விரல் வைத்துப் பழகியவள் அவள். பெட்டியின் கட்டை ஒன்றை அழுத்தினாள்; விரலைப் பக்கவாட்டில் ஆட்டினாள்; இன்னும் பலமாக அழுத்தினாள். ஒலி அசையவில்லை.

“சேர், இதிலை தோடியின்ரை காந்தாரத்தை எப்பிடி அசைக்கிறது?”

பெட்டியின் இடப்பக்கத்தில் இருந்த சிறு சில்லைத் திருப்பிக் காட்டினோம். காந்தாரம் அசைந்தது. ஆனால் அவள் மற்றக் கையால் பிடித்திருந்த சட்ஜமும் பஞ்சமமும் கூடவே அசைந்தன. அவள் சிரித்துவிட்டாள்.

“வீடு ஆடக்கூடாது சேர். ஊஞ்சல் மட்டுந்தான் ஆட வேணும்.”

முப்பது ஆண்டுகள் ஒலியியல் படிப்பித்த எமக்கு அன்று மறுமொழி கிடைக்கவில்லை. அந்த மறுமொழியைத் தேடிய கதையே இக்கட்டுரை.

தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. கீழே ரிஷபத்தின் எல்லையையும் மேலே மத்திமத்தின் வாசலையும் தொட்டு ஊசலாடுவதே அதன் வாழ்வு. ஊசலை நிறுத்திவிட்டால் தோடியும் இல்லை. இசைப்பெட்டியோ, வேறொரு மரபின் காதுக்காகச் செய்யப்பட்டது. 1983ஆம் ஆண்டு இலத்திரனியல் இசைக்கருவி உற்பத்தியாளர்கள் தமக்குள் உடன்பட்டு ‘மிடி’ என்னும் பொதுமொழி ஒன்றை வகுத்தனர். அம்மொழியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் இலக்கம் உண்டு. மொத்தம் 128 இலக்கங்கள். எந்தக் கட்டை, எவ்வளவு விசையுடன் தட்டப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவற்றை அது செம்மையாகச் சொல்லும். சுருதியை வளைக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் ஒரு வழித்தடத்தில் செல்லும் சுரங்கள் அனைத்தையும் ஒருசேர வளைக்கவே தெரியும். மாணவி சுட்டிக்காட்டிய குறை இதுதான். இதைச் செய்தவர்கள் எமக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். பியானோவின் கட்டைகளை மனத்தில் வைத்துச் செய்தார்கள், அவ்வளவே. கருவி நடுநிலையான பொருள் என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். செய்தவனுடைய செவி கருவிக்குள் குடியிருக்கிறது.

அப்படியாயின், அந்நியக் கருவி வேண்டாமென ஒதுக்கிவிடலாமா? அதையும் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். கமகம் பேசாத கருவி என்று கூறி 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது; அத்தடை 1971 வரை நீடித்தது. அதே காலத்தில் எமது யாழ்ப்பாணத்தில் நடந்தது என்ன? நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திர மயான காண்டம் ஆடிய மேடைகளில், விடியவிடியக் கண்விழித்திருந்த உழைப்பாளி மக்களின் முன்னே ஆர்மோனியம் முழங்கியது. அது அசைக்க மாட்டாத சுரங்களை நடிகனின் குரல் அசைத்தது. பண்டிதர் விலக்கிய பெட்டியைப் பாமரர் தமதாக்கிக் கொண்டனர். ஆகவே எமது வழி விலக்குவதன்று. கருவியை எமது செவிக்கு ஏற்பத் திருத்துவதே வழி.

இந்த நாட்டம் இலத்திரனியல் இசையின் தொட்டிலிலேயே இருந்தது. 1922இல் ரஷ்ய விஞ்ஞானி லெவ் தெரமின் தாம் அமைத்த கருவியைக் கிரெம்ளினில் லெனினுக்கு இசைத்துக் காட்டினார். உலோகத் தண்டின் அருகே கையை அசைத்தாலே சுருதி ஏறி இறங்கும். அதில் கட்டையும் இல்லை, தந்தியும் இல்லை. லெனின் தாமே கையை நீட்டி இசைக்க முயன்றார். பின்னர் அமெரிக்கா சென்று 1938இல் நாடு திரும்பிய தெரமின், அடுத்த ஆண்டே கைதாகிச் சிறையிலும் சிறைச்சாலை ஆய்வுகூடத்திலும் ஆண்டுகளைக் கழித்தார். அந்த அநீதியை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. எனினும் அவருடைய கருவி ஓர் உண்மையை நிறுவியது: மின்னொலி படிப்படியாகத்தான் ஏறவேண்டும் என்ற விதி ஏதுமில்லை, அது வழுக்கியும் செல்லும். ஆயினும் வெறுவெளியில் கைக்குப் பிடிமானம் இல்லை. விரலுக்கு ஒரு பரப்பு வேண்டியிருந்தது.

அந்தப் பரப்பை உண்டாக்க உழைத்தவர்களுள் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து மின்பொறியியலாளர் லிப்போல்ட் ஹாக்கன் ஒருவர். அவருடைய ‘கண்டினுவம்’ என்னும் கருவியில் மென்மையான நீண்ட பரப்பொன்று மட்டுமே உண்டு. அதன்கீழ் வரிசையாகக் கிடக்கும் சலாகைகளின் நுனிகளில் காந்தங்கள். விரல் அழுத்த, காந்தம் நகர, உணரிகள் அந்நகர்வை அளக்கும். விரல் இடம்வலமாகச் சென்றால் சுருதி மாறும். முன்பின்னாகச் சென்றால் ஒலியின் நிறம் மாறும். அழுத்தினால் ஒலி பெருகும். பத்து விரல்களும் தத்தம் போக்கில் போகலாம். எமது மாணவி கேட்ட ஊஞ்சல் இங்கே இருந்தது. 2009இல் வெளிவந்த ‘டெல்லி 6’ என்னும் இந்திப் படத்தின் பாடலொன்றில் ஏ. ஆர். ரகுமான் இக்கருவியை வாசித்தார். இன்னொருவர் மகேஷ் ராகவன். ஐபாட்டின் கண்ணாடித் திரையில், ‘ஜியோஷ்ரெட்’ என்னும் மென்பொருளின் துணைகொண்டு, விரலை வழுக்கிக் கர்நாடக இசையை வாசித்து வருபவர்.

சியாற்றில் நகரத்தின் ராண்டி ஜோன்ஸ் செய்த ‘சவுண்ட்பிளேன்’ எம்மை மேலும் கவர்ந்தது. அது மரத்தாலான தொடுகைப் பலகை. விரலின் அழுத்தத்தால் மரம் மயிரிழையளவு வளைய, கீழுள்ள கொள்ளளவம் மாறுகிறது, அம்மாற்றம் அளக்கப்படுகிறது. பலகை தானாக ஒலி எழுப்பாது. விரல் எங்கே, எவ்வளவு அழுத்தத்தில் நிற்கிறது என்பதைக் கணினிக்கு அறிவிப்பதே அதன் கடமை. ஒலியைப் படைப்பது கணினிக்குள் இயங்கும் சின்தசைசர் மென்பொருள். அதற்கென்று ‘ஆல்டோ’ என்னும் மென்பொருளையும் ஜோன்ஸ் தமது சிறு பட்டறையிலிருந்து 2010இல் வெளியிட்டார்.

கணினிக்குள் தந்தி எங்ஙனம் பிறக்கிறது? 1983இல் கெவின் கார்ப்ளஸ், அலெக்ஸ் ஸ்ட்ரோங் இருவரும் வெளியிட்ட முறை எளிமையானது. நூறு இலக்கங்களை ஒழுங்கின்றி ஒரு வரிசையில் நிரப்புக. அவற்றை ஒவ்வொன்றாக வாசித்து ஒலியாக்குக. வாசித்த ஒவ்வொன்றையும் அடுத்ததோடு கூட்டி இரண்டாற் பிரித்து, வரிசையின் கடைசியில் மீண்டும் சேர்க்குக. செக்கண்டுக்கு 44,100 இலக்கங்கள் வாசிக்கப்படுமாயின் வரிசை ஏறக்குறைய 440 தடவை சுற்றிவரும். அதுவே சுரத்தின் மீடிறன். முதலில் இரைச்சலாகத் தொடங்கும் ஒலி, சுற்றச் சுற்றச் செம்மையுற்று, தட்டிய தந்திபோல் ஒலித்து மெல்ல ஓயும். கூட்டலும் பிரித்தலும் அறிந்த சிறுவனுக்கு இது விளங்கும். இது மந்திரமன்று, எவருடைய தனிச்சொத்தாகவும் இருக்க வேண்டியதுமன்று.

மறுமொழி கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். கண்டினுவத்தின் விலை பல ஆயிரம் டொலர் என்பதால், வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் வேறொரு நிறுவனத்தின் மலிவான தொடுகைப் பலகை ஒன்றைத் தருவித்தோம். மாணவி ஓராண்டுக்கு மேல் அதில் சாதகம் செய்தாள். எமது வீட்டு விறாந்தையில் ஊஞ்சல் ஆடியது; வீடு ஆடவில்லை. இசைப் போட்டி ஒன்றுக்கு அவளுடைய பெயரும் கொடுக்கப்பட்டது.

போட்டிக்கு மூன்று நாட்களுக்கு முன்னர் எமது கணினி புதிய இயங்குதளத்தை ஏற்கச் சொல்லி அறிவித்தல் காட்டியது. நாமே சம்மதம் தெரிவித்து விசையை அழுத்தினோம். மறுநாள் பலகையின் மென்பொருள் திறக்கவில்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். அந்த மாதிரிக்கு இனி ஆதரவு வழங்கப்படுவதில்லை என இரண்டு வரியில் மறுமொழி வந்தது. பலகையில் ஒரு கீறல் இல்லை. ஓர் ஆணி கழலவில்லை. ஆயினும் அது செத்துப்போயிற்று. மாணவி எம்மைக் குறைசொல்லவில்லை.

“வீணை எண்டால் தந்திதான் அறும் சேர். இதுக்கு உயிரே போட்டுது.”

அன்றிரவு நாம் உறங்கவில்லை. நவீனம் என்ற சொல்லில் மயங்கி ஓர் ஏழைப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பை எங்கோ உள்ள அலுவலகமொன்றின் தயவில் ஒப்படைத்தவர் நாமே அல்லவா?

எமது அயலை எண்ணிப் பார்த்தோம். சுன்னாகத்தைச் சூழ இணுவில், அளவெட்டி என்று இசை வளர்த்த ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் வாசித்த தவிலை இன்றும் ஒருவர் வார்பிடித்து வாசிக்கலாம். தோல் கிழிந்தால் வேறு தோல். விரற்கூடு உடைந்தால் புதுக்கூடு. நாதஸ்வரச் சீவாளி நொந்தால் மற்றொரு சீவாளி. கருவியைச் செய்பவனும் திருத்துபவனும் வாசிப்பவனும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் வாழ்ந்தார்கள். 1990இன் பின் குடாநாடு மின்சாரமின்றி இருளில் கிடந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் மிதியைச் சுற்றி, டைனமோ தந்த மின்னில் வானொலி கேட்ட மக்கள் நாங்கள். பற்றரி தடைப்பட்டபோதும் பாட்டு நிற்கவில்லை. ஏனெனில் அந்த இயந்திரத்தின் உள்ளும் புறமும் எமக்குத் தெரியும். தெரியாத இயந்திரத்தின் முன்னால் மனிதன் வாடிக்கையாளன் மட்டுமே.

ஆனால் செய்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இத்தகைய கருவிகளைப் படைப்போர் பெரும்பாலும் சிறு பட்டறையாளர். வாங்குபவன் ஒருமுறை பணம் கொடுக்கிறான். இயங்குதளமோ ஆண்டுதோறும் மாறுகிறது. மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் திருத்திச் சோதிக்க வேண்டும். தூரதேசத்து வாசிப்பவனின் கடிதத்துக்கும் மறுமொழி எழுத வேண்டும். இவ்வுழைப்புக்குக் கூலி கொடுப்பவர் யார்? சீவாளி கட்டுபவனின் உழைப்பைச் சபை காணாததுபோல இதையும் சந்தை காண்பதில்லை. படைப்புக்குப் பொன்னாடை போர்த்தும் உலகம் பராமரிப்புக்கு ஒரு பிடி சோறும் ஒதுக்குவதில்லை. பட்டறை மூடப்படும் நாளில், மூடிய மென்பொருள் உலகெங்குமுள்ள கருவிகளோடு உடன்கட்டை ஏறுகிறது.

இதற்கு மாற்று உண்டு. ராண்டி ஜோன்ஸ் தமது பலகையோடு பேசும் மென்பொருளின் மூலநிரலை யாவரும் வாசிக்கவும் திருத்தவும் திறந்து வைத்தார். 2018இல் மிடி மொழியிலும் ஒரு திருத்தம் முறையாக ஏற்கப்பட்டது: ஒவ்வொரு விரலுக்கும் தனி வழித்தடம். ஊஞ்சலுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த பழைய பிணைப்பு அவிழ்ந்தது. நிரல் திறந்திருந்தால், மொழி பொதுவாக இருந்தால், ஒரு பட்டறை மூடினாலும் மற்றொரு கை அக்கருவியைத் தூக்கி நிறுத்தும். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இசை பயிற்றுகிறது; கிளிநொச்சியில் அதே பல்கலைக்கழகம் பொறியியல் பயிற்றுகிறது. தோடியை அறிந்த மாணவரும் மின்சுற்றை அறிந்த மாணவரும் ஒரு மேசையில் அமர்வதற்குத் தடை என்ன? ஆசிரியர்களாகிய எமது சோம்பலைத் தவிர வேறொன்றும் எமக்குத் தெரியவில்லை.

1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள், தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்தே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலிசாரின் தடியடியையும் மீறி அம்மக்கள் நடந்தனர். கோயிலின் வாசலையும் தேநீர்க் கடையின் குவளையையும் தொடும் உரிமைக்காக நடந்தனர். இன்று கலையைச் சுற்றி விலை ஒரு வேலி. மூடிய நிரல் மற்றொரு வேலி. சாதி வேலியின் கொடுமைக்கு இவற்றை நிகராக்க மாட்டோம். ஆயினும், யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று எங்கோ ஒருவர் தீர்மானிக்கும் இடமெல்லாம் அந்த வீதியில் நடந்தவர்களின் நினைவு எமக்கு வருகிறது.

மாணவி போட்டியில் வாசிக்கவில்லை. சில மாதங்களின் பின் அவளும் வகுப்புத் தோழர் இருவரும் எமது விறாந்தைக்கு ஒரு பலகையோடு வந்தனர். பலகையில் ஒட்டிய கடதாசிப் பட்டி. அதன்மேல் மென்பென்சிலால் கனமாகத் தீட்டிய கரிக்கோடு. கோட்டின் மேலே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. கோட்டின் இரு முனைகளுக்கும் மின்னழுத்தம் கொடுத்திருந்தார்கள். கம்பியை விரல் எங்கே அழுத்துகிறதோ அவ்விடத்து மின்னழுத்தத்தை மலிவான நுண்கட்டுப்படுத்தி ஒன்று அளந்தது. முழு நீளமும் 1024 படிகள். இரண்டு ஸ்தாயிக்குப் பகிர்ந்தால் அரைச்சுரம் ஒவ்வொன்றுக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட படிகள். ஒலிக்கு அந்த நூறு இலக்கச் சுற்று. நிரலை அவர்களே எழுதியிருந்தார்கள். சுருதி கரகரத்தது. மேல் ஸ்தாயியில் விரல் தடுமாறியது. ஆனால் காந்தாரம் அசைந்தது.

“கன நேரம் வாசிச்சால் கரி தேஞ்சுபோமே, பிள்ளை?” என்று கேட்டோம்.

அவள் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காட்டினாள்.