சுற்று வழியில் சொந்த ஊர்

பம்பாயிலிருந்து தென்காசிக்குப் போக எத்தனை நேரம் ஆகும்?

"திருவனந்தபுரத்துக்கு ரெண்டு மணி நேரம் விமானம். அப்புறம் மூணு மணி நேரம் கார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊர்ல இருக்கலாம் அம்மா!" என்றான் என் பிள்ளை.

நாங்கள் எடுத்துக்கொண்டது மூன்று பகல், இரண்டு இரவு. வேண்டுமென்றேதான்! காரணத்தைச் சொன்னால் முதலில் சிரிப்பீர்கள். பிறகு, உங்களில் பாதிப் பேராவது, "ஆமாம், எனக்கும் அப்படித்தான்" என்பீர்கள்.

1988இல் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. தென்காசியில் கொல்லம் மெயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு மாறிப் பம்பாய் போய்ச் சேர்ந்தேன். (1995இல் மும்பை என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்னும் பம்பாய்தான் வருகிறது.) அதற்குப் பிறகு 36 வருஷங்களில் எத்தனையோ தடவை ஊருக்கு வந்து போயிருக்கிறேன். ஆனால் ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது! குழந்தைக்குப் பால் கரைப்பதும், ஸ்டேஷனில் தண்ணீர் பிடிப்பதும், சாமான்களை எண்ணுவதுமாகவே பிரயாணம் முடிந்துவிடும். கடைசியாக இரண்டு தடவை விமானத்தில் வந்தோம். ஒரு தடவை அப்பாவின் காரியத்துக்கு, ஒரு தடவை அம்மாவின் காரியத்துக்கு. இரண்டு தடவையும் இருட்டில் மலையைத் தாண்டினேன். எதையும் பார்க்கவில்லை.

இப்போது என் வீட்டுக்காரருக்கு உத்தியோகம் முடிந்துவிட்டது. செம்பூரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தென்காசியில் பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டுக்கே போய்விடலாம் என்று அவர் தீர்மானித்தார். "சரி, போகலாம். ஆனால் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே போகவேண்டும்" என்றேன். அவ்வளவுதான் நான் போட்ட நிபந்தனை.

புறப்படுகிற அன்று அடுத்த வீட்டு மராத்தி அம்மாள் வந்தாள். அவர்களிடம் 'ஓட்டி' என்று ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியின் மடியில் அரிசி, தேங்காய், ரவிக்கைத் துணி, மஞ்சள் குங்குமம் வைத்து நிரப்புவார்கள். "பிறந்த வீட்டிலிருந்து போகிறாய், வெறும் மடியோடு போகக் கூடாது" என்றாள். 1988இல் தென்காசியில் என் தாயாரும் இதையேதான் செய்தாள். அப்படியானால் எனக்கு எது பிறந்த வீடு, எது புகுந்த வீடு? சொல்லுங்கள் பார்க்கலாம்! அந்தத் தேங்காயைப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம், நல்ல மழை. நேத்ராவதி எக்ஸ்பிரஸ் முற்பகலில் குர்லாவிலிருந்து கிளம்பியது. ரோஹா தாண்டியதும் கொங்கண் ரயில்பாதை ஆரம்பம். மங்களூருக்குப் பக்கத்தில் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டர். ஸ்ரீதரன் என்ற பொறியாளரின் தலைமையில் கட்டி, 1998ஆம் ஆண்டு முழுப் பாதையையும் திறந்தார்கள். ஏறக்குறைய 2,000 பாலங்கள். தொண்ணூறுக்கு மேல் சுரங்கங்கள்!

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கொங்கண் என்றதும் வழி முழுவதும் கடல் தெரியும் என்று நினைத்துப் போய் ஏமாறாதீர்கள். பெரும்பாலும் மலையும் ஆறும் வயலுந்தான். அதுவே போதும்! செம்மண் சரிவில் பச்சை விரித்தாற்போல் நாற்று, ஓட்டு வீடுகள், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வயலில் குனிந்திருக்கும் பெண்கள். மழைக் காலத்தில் இங்கே வண்டிகளை மெதுவாகத்தான் விடுகிறார்கள். அதற்குத் தனிக் கால அட்டவணையே உண்டு. மலைச்சரிவு மண் இளகி, பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுந்துவிடக் கூடாதே! மழையங்கி போட்ட காவலாட்கள் பாதையோரமாக நடந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கை ஆட்டினேன், அவரும் ஆட்டினார்.

உக்ஷி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரான்பட் அருவி ஒரு கணம் கண்ணில் பட்டது. அடுத்து கர்புடே சுரங்கம். ஆறரைக் கிலோமீட்டர் இருட்டு. ரத்னகிரியைத் தாண்டியதும் பான்வல் நதிப் பாலம். 64 மீட்டர் உயரம்! கீழே தென்னை மரங்கள் கோரைப் புல் மாதிரி தெரிந்தன. "ஏளா, கீழே பார்க்காதே, தலை சுத்தும்" என்றார் இவர். நான் பார்த்தேன். சுற்றவில்லை.

நடு இரவில் சத்தம் மாறி விழித்துக்கொண்டேன். ஹொன்னாவரத்தில் சராவதி ஆற்றின் மேல் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம். இவரும் தூங்கவில்லை. அந்த இருட்டில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"1988லயும் நீங்க சொன்னீங்க, கிளம்பினேன். இப்பவும் நீங்க சொன்னீங்க, கிளம்பிட்டேன். 'உனக்குச் சம்மதமா'ன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம் இல்லையா?"

பாலம் முடிகிற வரைக்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகும் இல்லை.

விடிந்தபோது கேரளம். மழை வெறித்து, பாரதப்புழை பரந்து கிடந்தது. இவர் காப்பி வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். பிறகு மெள்ளச் சொன்னார்: "ராத்திரி முழுக்க யோசிச்சேன். கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதுதான் நிஜம். ஒரு வருஷம் இருந்து பார்ப்போம். உனக்குப் பிடிக்கலைன்னா செம்பூருக்கே திரும்பிடுவோம். இந்தத் தடவை நீ சொல்றதுதான்."

எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் காப்பி பாயசமாக இனித்தது! இத்தனைக்கும் அதில் சர்க்கரையே போதவில்லை.

ஆலப்புழை வழியாக மாலையில் கொல்லம் வந்து, இரவு ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் மத்தியானம் சென்னை வண்டியில் ஏறினோம். அவசரப்படுகிறவர்கள் இந்தப் பாதையில் வரவேண்டாம். புனலூரிலிருந்து செங்கோட்டை வரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு; ஆனால் மலை ஏற வேண்டும். திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில், 1904இல் வந்த மீட்டர் கேஜ் பாதை. அகலப் பாதையாக்குவதற்காக 2010இல் மூடி, 2018இல்தான் மறுபடி திறந்தார்கள். என் பெற்றோர் இருவரும் போனது அந்த இடைவெளியில்தான்.

தென்மலையைத் தாண்டியதும் ஒரு வளைவு. அங்கேதான் பதின்மூன்று கண் பாலம். நூற்றிருபது வயதான கருங்கல் கமான்கள். பக்கத்து நெடுஞ்சாலையில் காரை நிறுத்திவிட்டு எங்கள் வண்டியைப் படம் பிடித்தார்கள். பின்னாலிருந்து ஒரு முக்கல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளிக்கொண்டு வந்தது!

"நம்ம குடும்பம் மாதிரிதான். நான் முன்னாலே, நீ பின்னாலே" என்றார் இவர்.

"36 வருஷம் தள்ளியாச்சு. இனிமேல் கொஞ்ச நாள் நான் முன்னாலே வரேன்" என்றேன். எதிரில் இருந்த மலையாளத்துப் பாட்டிக்குத் தமிழ் புரிந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆரியங்காவு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்ததும் காற்றே வேறாக இருந்தது. குற்றாலச் சாரல்! முகத்தில் விழுந்த அந்தத் தூறலைத் துடைக்கவில்லை. வந்தது சாரலா, கண்ணீரா என்று இவர் கேட்கவுமில்லை. செங்கோட்டை, அடுத்து தென்காசி. தூரத்தில் காசி விசுவநாதர் கோபுரம்.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, அடுப்பை மூட்டினேன். செம்பூர்த் தேங்காயை உடைத்து, அந்த அம்மாள் எனக்குக் கற்றுக்கொடுத்த தேங்காய் வடி செய்து தெரு முழுவதும் கொடுத்தேன். "இது எந்த ஊர்ப் பட்சணம்?" என்று கேட்டார்கள். "எங்க ஊர்ப் பட்சணம்" என்றேன்.

ஒரு வருஷக் கெடு இன்னும் முடியவில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் இவர் வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். கேட்கிறாரே, அது போதாதா?

நீங்களும் என்றாவது ஊருக்குத் திரும்புவீர்கள் அல்லவா? முடிந்தால் சுற்று வழியில் வாருங்கள். சாமான்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிக்க அவரை அனுப்பிவிட்டு, ஜன்னல் ஓரத்தில் நீங்கள் உட்காருங்கள்!