சக்கரத்தின் முனகல்

சனத்நகரை அறிவீர்களா, நண்பர்களே? உருதுவில் ‘சனத்’ என்றால் தொழில். சென்ற விடுமுறையில், அந்தப் பெயருக்கேற்ப, மாமாவின் மாருதி 800-க்கு வாசலிலேயே முன்சக்கர பேரிங் மாற்றினோம். மறுநாள் அத்தை டயாலிசிஸுக்கு அதில்தான் போகவேண்டும்.

வலப்புறம் திரும்பினால் முனகல் கூடியது. அப்போது பாரம் இடப்புறம் சாய்வதால், கெட்டது இடது பேரிங் என்று கண்டோம். முன்சக்கரமே இழுக்கும் வண்டி. அம்பாசிடரைப்போல எளிதில் விட்டுக்கொடுக்குமா? ஹப் வெளியே வரவே பாதிநாள் போயிற்று. அதுவும் தேய்ந்திருந்ததால் புதிது வாங்கினோம்.

புதிய பேரிங்கைச் சுத்தியால் அடிக்க மாமா விடவில்லை. “வெளிவளையத்தை மட்டும் அழுத்து, மாப்பிள்ளை! உள்வளையத்தில் அடி விழுந்தால் குண்டுகளின் பாதை வடுப்படும்” என்றார். நீண்ட போல்ட்டும் வாஷர்களும் கொண்டு மெல்ல இறுக்கி ஏற்றினோம்.

அந்தியில் பாலாநகர் வரை ஓட்டிப் பார்த்தோம். பின்னிருக்கையில் அத்தை தூங்கிவிட்டார்கள்.