கரிசல் காட்டுக் காலை ஆகாரம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சுமார் பத்து மைல். ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊர் அது என்பதை நேயர்கள் அறிவார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே திருமேனிநாதர் தரிசனத்துக்குப் புறப்பட்டுவிடுவோம். உண்மையைச் சொன்னால், நம்மை இழுப்பது சுவாமி மட்டுமல்ல. வழியில் வேப்பமரத்தடியில் இருக்கும் கூழ்க் கடையுந்தான்.

ஓலைக் கூரை, இரண்டு பெஞ்சு, நான்கு மண்பானை. சுற்றிலும் கரிசல் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய சீமை. இங்கே தலைமுறை தலைமுறையாக வயிற்றை நிரப்பியவை கம்பும் சோளமும் குதிரைவாலியுமே.

கம்பங்கூழ் சுலபமான சமையல் அன்று. கம்பில் நீர் தெளித்து, உரலில் குத்தி, உமி நீக்கி, ரவையாக இடித்துக் கரைத்துப் புளிக்கவிட வேண்டும். மறுநாள் நொய் சேர்த்துக் களியாகக் கிண்டி, உருண்டை பிடித்து நீரில் இட்டுவைப்பார்கள். அடுத்த விடியற்காலையில் மோர் விட்டுக் கரைத்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துவிட்டால், சித்திரை வெயிலுக்கு நாம் ஏன் அஞ்ச வேண்டும்? தொட்டுக்கொள்ள மிதுக்கு வற்றலும் மோர்மிளகாயும் உண்டு.

சென்ற முறை போனபோது கடைக்காரப் பாட்டிக்குத் துணையாக ஒரு சிறுவன் சொம்பு கழுவிக்கொண்டிருந்தான். நம்மைக் கண்டதும் பானைக்குப் பின்னால் மறைந்தான். நம் வகுப்பு மாணவன்! காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "இட்டிலி, சார்" என்று தவறாமல் சொல்பவன். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. சிறுவயதில் நாமும் அதே பொய்யைச் சொன்னவர்தாம்.

அருகில் அழைத்து மிளகாயைக் காட்டினோம். "இது எந்த ஊர்ச் சரக்கு?"

"நம்ம ராமநாதபுரம் முண்டு, சார்!"

"விளைந்தது இங்கே. ஆனால் மிளகாயின் பூர்வீகம் மெக்ஸிகோப் பக்கம். போர்ச்சுகீஸியர் கப்பலில் கொண்டுவந்தார்கள்" என்றோம். அந்நாட்டுக் குடியானவன் காலை ஆகாரத்தையும் விவரித்தோம்: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துச் சுட்ட ரொட்டி, அதற்கு மிளகாய்த் துவையல். 2010-ல் யுனெஸ்கோ அந்தச் சமையலை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாகப் பதிவு செய்தது. நம் கரிசலிலும் இன்று மக்காச்சோளம் தலையசைத்து நிற்கிறது. பெரும்பாலும் கோழித் தீவனத்துக்காக! கம்புக்கும் காலம் வராமல் போகவில்லை. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. ஆனால் சபைகள் கொண்டாடி என்ன பயன், உண்பவன் ஒளித்துவைத்தால்?

திங்கட்கிழமை வகுப்பில் நாமே முந்திக்கொண்டு, "நேற்றுக் காலை நாம் சாப்பிட்டது கம்பங்கூழ்" என்றோம். சிலர் சிரித்தார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக எழுந்தது:

"நேத்துக் கொஞ்சம் புளிப்பு ஜாஸ்தி, சார். அடுத்த வாரம் வாங்க, நல்லா இருக்கும்."