குலோத்துங்கன் எந்தக் குலத்தவன்?

முதற் குலோத்துங்கன் தமிழனா, தெலுங்கனா? அண்மைக் காலத்தில் இவ்வினாவைப் பலர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். சிலர் அறிய விரும்பிக் கேட்கிறார்கள். பெரும்பாலோர் விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். ஒரு தரப்புக்கு அவன் சோழர் அரியணையைக் கவர்ந்த அயலான். மறு தரப்புக்கோ தமிழரை ஐம்பதாண்டுக் காலம் ஆண்ட தெலுங்கு வேந்தன். ஓரிடத்தில் மட்டும் இரு தரப்பும் கைகுலுக்கிக்கொள்கின்றன: ஒருவனின் குலம் என்பது அவன் தந்தையின் குலமே என்பதில். என் ஆய்வு அரசமரபுப் பட்டியல்களைப் பற்றியது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உறவுமுறை. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை, வேங்கிநாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் விமலாதித்தனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள் (இராசராசனின் தமக்கை குந்தவை வேறு). அவர்களின் மகன் இராசராச நரேந்திரன், தன் தாய்மாமனான முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். இவ்விருவரின் மகனே, தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கி இராசேந்திரன் எனப்பட்டுப் பின்னர் குலோத்துங்கன் ஆனவன். அவனும் தாய்மாமன் மகளையே மணந்தான். இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகி அவள்.

இதை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். தந்தையைப் பெற்ற பாட்டி குந்தவையும், தாயைப் பெற்ற பாட்டன் இராசேந்திரனும் ஒரே தந்தையின் மக்கள். ஆகவே முதலாம் இராசராசன் குலோத்துங்கனுக்குத் தந்தை வழியிலும் கொள்ளுப்பாட்டன், தாய் வழியிலும் கொள்ளுப்பாட்டன். மாமன் மகளைக் கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த வீட்டில் தந்தைவழி எங்கே முடிகிறது, தாய்வழி எங்கே தொடங்குகிறது? நம் ஊர்க் கிழவிகள் விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும் இக்கணக்கை நம் இணைய வாதிகள் ஒருமுறையும் போட்டுப் பார்ப்பதில்லை.

அக்காலத்தார் இதை எப்படிப் பதிந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. வேங்கிப் பகுதி ஆவணங்களில் அவன் சர்வலோகாசிரய விஷ்ணுவர்த்தனன். சாளுக்கிய மரபுப் பெயர் தரித்தவன். அவன் மகன் வீரசோழன் வெளியிட்ட செல்லூர்ச் செப்பேடு திருமாலில் தொடங்கிப் பிரமன், சந்திரன் என இறங்கி, குப்ஜ விஷ்ணுவர்த்தனன் முதலான சாளுக்கிய மன்னர்களை ஆட்சியாண்டுகளோடு அடுக்குகிறது. முழுதும் சந்திர குலம். ஆனால் அம்மங்கையின் பெயர் வருமிடத்தில், அவள் சூரிய குலத்து இராசேந்திரனின் மகள் என்பதை அதே செப்பேடு பெருமையோடு சொல்கிறது. அவன் முதலில் வேங்கிக்கும் பின்னர் சோழநாட்டுக்கும் முடிசூடினான் என்பதையும் மறைக்கவில்லை. அவனுடைய மற்றொரு மகன் வேங்கியை ஓராண்டு மட்டும் ஆண்டுவிட்டு, அரச இன்பத்தைவிடப் பெற்றோர் அடி பணியும் இன்பமே பெரிதெனத் திரும்பிவந்த கதையும் அதில் உண்டு. அரசியல் காரணத்தை அழகாகப் பூசிய பூச்சாக இருக்கலாம். இருந்தும் அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுகிறேன்.

தெற்கே வந்தால் காட்சி மாறுகிறது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் இராச பாரம்பரியம் என்னும் பகுதி சோழர் குலவரிசையைக் கூறுகிறது. அடுத்துவரும் அவதாரப் பகுதியில் திருமாலே குலோத்துங்கனாகப் பிறக்கிறார். பிறந்த குழந்தையைக் கங்கைகொண்ட சோழனின் தேவி கையில் எடுத்து மகிழ்வதாக வரும் செய்தியை, அவன் சோழர் குடிக்குத் தத்தெடுக்கப்பட்டதற்குச் சான்றாகக் கொண்டோர் உண்டு. பேரனைக் கண்ட பாட்டியின் மகிழ்ச்சி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்போரும் உண்டு. நான் இரண்டாம் தரப்பு. மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கிக் கொஞ்சப் பாட்டிக்குத் தத்துச் சடங்கு எதற்கு?

பகைவர் பார்வையும் நமக்குக் கிடைத்திருக்கிறது. காசுமீரத்துக் கவி பில்கணன், மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனைப் பாட வந்த இடத்தில், தன் தலைவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் மைத்துனனை அரியணை ஏற்றித் திரும்பிய சில நாளில் அம்மைத்துனன் கிளர்ச்சியில் மாண்டதாகவும், வேங்கித் தலைவன் 'இராசிகன்' அரியணையைப் பற்றியதாகவும் எழுதுகிறான். மைத்துனன் என்பது அதிராசேந்திரன்; ஆண்டு 1070. இங்கே கவனிக்க வேண்டியது, விக்கிரமாதித்தனும் சோழர் வீட்டு மருமகன் என்பது. வீரராசேந்திரனின் மகளை மணந்தவன் அவன். மருமகன் ஒரு புறம், மகள் வயிற்றுப் பேரன் மறு புறம். இன்று 'இனப்போர்' எனப்படுவது அன்று பெண் கொடுத்த வீட்டின் சொத்துவழக்கு.

இதற்கு நான்காண்டு முன்னர்தான், 1066இல், நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தின் முடியைக் கைப்பற்றினான். அவன் இராபர்ட் கோமகனுக்கும் ஹெர்லேவா என்னும் பெண்ணுக்கும் மணவுறவின்றிப் பிறந்தவன். இங்கிலாந்தின்மீது அவனுக்கு இருந்த இரத்த உரிமை பெண்வழி வந்ததே: எட்வர்டு மன்னனின் தாய் எம்மா, வில்லியமுடைய பாட்டனின் உடன்பிறந்தாள். ஆனால் அங்கே திருச்சபை நெருங்கிய உறவில் மணத்தைத் தடுத்தது. வில்லியம் பிளாண்டர்ஸ் நாட்டு மெட்டில்டாவை மணப்பதை 1049இல் ரீம்ஸ் சங்கமே விலக்கியது. மதுராந்தகியின் திருமணத்தை அந்தச் சங்கத்தார் கேள்விப்பட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

நார்மானியர் குடிமுதல்வன் ரொல்லோ டேனியனா, நார்வேயனா என்பது அங்கே இன்னும் தீராத வழக்கு. 2016இல் ஃபெகாம்ப் மடாலயத்தில் அவனுடைய பேரன், கொள்ளுப்பேரன் ஆகியோரின் எலும்புகள் எனக் கருதப்பட்டவற்றை எடுத்து மரபணுவில் விடை தேட முனைந்தார்கள். ஆய்ந்து பார்த்தால், அவ்வெலும்புகள் ரொல்லோவின் காலத்துக்கே நெடுநாள் முந்தியவை. சோழர் மரபணுவைத் தேடி எனக்குக் கடிதம் எழுதும் நண்பர்களுக்கு இச்செய்தியைப் பரிந்துரைக்கிறேன்.

இவற்றையெல்லாம் முன்பு சுருக்கமாக எழுதியபோது ஒருவர் பின்னூட்டமிட்டார்: "உங்கள் தந்தை பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே, ஏன் இப்படி எழுதுகிறீர்கள் என்று." என் தந்தை வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தாய் வீட்டில் தமிழ். நான் படித்ததும் எழுதுவதும் சிந்திப்பதும் தமிழில். நான் பிறந்து வளர்ந்த விவேக் நகர்த் தெருவில் கடைக்காரரிடம் கன்னடத்தில் தொடங்கும் பேச்சு தமிழில் முடியும். அவர் விதிப்படி எனக்குச் சோழர் வரலாற்றைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை. நரேந்திரனின் அவையில் நன்னயர் தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கினார்; நரேந்திரனின் மகனைத் தலைவனாகக் கொண்டு தமிழில் பரணி பிறந்தது. அவர் விதியைக் கொண்டு அளந்தால் செயங்கொண்டார் தவறான ஆளைப் பாடிவிட்டார்.

எங்கள் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில்லாத தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குப் போனால், போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காணலாம். ஒரு கணவனும் மனைவியும் சொக்கப்பெருமாள் கோயில் வாயிலுக்கு நிலைக்கால் அளித்த செய்தி ஒன்றில் இருக்கிறது. சோழர் ஆட்சி இந்நிலத்தை விட்டு அகன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னரும், அதில் இப்பகுதி இராசேந்திரசோழ வளநாடு என்றே குறிக்கப்படுகிறது. குலோத்துங்கனுக்குப் பாட்டன் விட்டுச்சென்ற அதே பெயர்.

அவன் முதல் சில ஆண்டுகள் இராசேந்திரன் என்ற பெயரிலேயே ஆண்டு, பிறகுதான் குலோத்துங்கன் என்னும் பெயரை ஏற்றான். குலத்தை உயர்த்துபவன் என்பது பொருள். எக்குலம் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. செல்லூர்ச் செப்பேடு தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. விவாதிக்க விரும்புவோர் அதைப் படித்துவிட்டு வாருங்கள். அம்மங்கையின் பெயர் வரும் இடத்திலிருந்து தொடங்கலாம்.