கப்பலேறிய பெட்டிகளும் ஒரு பொட்டலமும்



என் தங்கையின் குடும்பம் பள்ளிப்பட்டிலிருந்து மெல்பர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. மச்சான் பல ஆண்டுகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் மட்டும் ஊர் வந்து போனவர். அங்கே வேலைக்கான விசா கிடைத்ததும் வீட்டுச் சாமான்களை அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவனுக்குக் கப்பல் சரக்கைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் விமானத்தில் அனுப்பலாம் என்றுதான் நினைத்தோம். விமானச் சரக்குக்கு எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தையும் கணக்கிடுகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் வருவது கிலோக் கணக்கு. 60 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் எட்டுக் கிலோ மெத்தை விரிப்புகளை வைத்தாலும் 36 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆகவே கடல் வழி. முழுக் கொள்கலன் நிரம்ப எங்களிடம் பொருளில்லை. பலருடைய சாமான்களை ஒரே கொள்கலனில் ஏற்றி, கன மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கும் முறையைத் தேர்ந்தோம். அந்தப் பெட்டிகளில் ஏறக்குறைய நாலரை சேர்ந்தால் ஒரு கன மீட்டர்.

தையல் இயந்திரத்துக்கு எங்கள் ஊர்த் தச்சர் நல்ல மரக்கூடு செய்துகொடுத்தார். முகவர் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிட்டார். பன்னாட்டுச் சரக்கில் செல்லும் மரக்கூட்டின் மரம், உள்நடு வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு, அதற்கான முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டுமாம். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாதிருக்க அந்த ஏற்பாடு. பீங்கான் தட்டுகளுக்கிடையே வைக்கோல் திணிப்பது நம் வழக்கம், அதற்கும் தடை. பழக்கூடை அட்டைப்பெட்டிகளையும் தவிர்க்கச் சொன்னார்கள். செருப்பின் அடியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. கொசஸ்தலை ஆற்று மணலில் நடந்த பிள்ளைகளின் காலணிகளைத் தங்கை பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு எண்ணூரில் கடல் சேர்கிறது. அதற்கு எந்தப் படிவமும் வேண்டியதில்லை என்று மச்சான் சிரித்தார்.

சரக்குக் காப்பீட்டுப் பத்திரம் வந்தபோதுதான் என் துறைக்குள் விஷயம் நுழைந்தது. இது புதிய கேள்வி என்று பலர் எண்ணுகிறார்கள். 1836இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் தமது ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் இதே கடல் காப்பீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அக்கால வணிகர்கள் கப்பல் வாடகையுடன் ஒரு தொகையை அயல்நாட்டவர் ஒருவரிடம் கட்டுவார்கள். தீ, மூழ்குதல், கொள்ளை ஆகியவற்றால் சரக்கு அழிந்தால் அவர் ஈடு தருவார். அந்தத் தொகைக்கு ‘ஸவ்கரா’ என்று பெயர். அந்த ஈட்டுத்தொகையை வணிகர் பெறுவது ஆகாது என்பதே அவருடைய அடிப்படைத் தீர்ப்பு. 1985இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் பேரவையும் வணிகக் காப்பீட்டை மறுத்து, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை மாற்றாகக் கூறியது. நான் பட்டயம் படித்த ஆசிரியன். ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை. முஃப்தி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுமாறு மச்சானிடம் சொன்னேன். கேட்டபின் அவர் காப்பீடு எடுக்கவில்லை. உடையக்கூடியவற்றுக்கு இரட்டை அட்டை போட்டார்.

இவ்வளவு நுணுக்கம் பேசிய நான்தான் அடுத்ததைச் செய்தேன்.

பெட்டிகளை மூடும் நாளன்று, அஸருக்குப் பின், பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் வந்தார். அவருடைய மகனும் மெல்பர்னில் இருக்கிறார். ஊருக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. குர்பானி இறைச்சியை உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். “என் கையால் போட்டது, தம்பி. அவன் வாயில் ஒரு துண்டு பட்டால் போதும்” என்றார். இறைச்சி அந்த நாட்டுக்குள் போகாது என்று முகவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். அவர் போனதும், பிரியாணி தேக்சாவுக்குள் வைத்து மேலே துணியைத் திணிக்குமாறு தங்கையிடம் சொன்னேன்.

சாமான் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தவள் தங்கை மகள். பன்னிரண்டு வயது, என்னிடம் ஓதுபவள். 22 வரை எழுதி, 23 என்று எண்ணும் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“மாமு, இதை என்னவென்று எழுத?”

கேலியில்லை, குற்றச்சாட்டுமில்லை. எழுதுவதற்காகவே கேட்டாள். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள், தம்மை விரட்டிய மக்கத்து மக்களின் அடைக்கலப் பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்ற வரலாற்றை அந்த மாதம்தான் அவளுடைய வகுப்பில் நடத்தியிருந்தேன். அந்தப் படிவத்தில் கையொப்பமிடப் போகிறவர் மச்சான். விலங்கு, தாவரப் பொருட்கள் உள்ளனவா என்று அதில் வெளிப்படையாகக் கேட்டிருந்தார்கள். பெட்டி பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பிடிபடாவிட்டாலும் அது பொய்தான்.

தேக்சாவைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். மக்ரிப் தொழுதுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததை, நான் ஒளித்து வைக்கச் சொன்னதையும் சேர்த்து, சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் தட்டில் வைத்துக் கொடுத்த முறுக்கை நான் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கடைசியில், “அப்படியானால் அவனுக்கு எதுதான் போகும்?” என்று கேட்டார். துணி போகும் என்றேன். உள்ளே சென்று, தம் கணவர் உடுத்திய கட்டம் போட்ட கைத்தறிக் கைலி ஒன்றை மடித்துக் கொண்டுவந்தார். உப்புக்கண்டத்தைத் தாமே வறுத்து, மறுநாள் எங்கள் எல்லோருக்கும் சோற்றுடன் அனுப்பினார்.

எங்கள் தாயாரின் மர ரேஹலையும் பேரீச்சங்கொட்டைத் தஸ்பீஹையும் பட்டியலில் உள்ளபடி எழுதினோம். ரேஹலை அனுப்பினோம். தஸ்பீஹ் கொட்டையால் ஆனது. சோதனையில் எடுத்துக்கொள்ளவும் கூடும் என்று முகவர் சொன்னதால் தங்கை அதை என்னிடம் தந்துவிட்டாள். இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது.

பெட்டிகள் சென்னையில் ஏறி, வழியில் வேறொரு துறைமுகத்தில் கப்பல் மாறி, ஒன்பது வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தன. இரண்டு தட்டுகள் உடைந்திருந்தன. ரேஹலைத் தனியே எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்களாம், அல்ஹம்துலில்லாஹ். பெரியம்மாவின் மகன் தங்கை வீட்டுக்கு வந்து கைலியை வாங்கிச் சென்றார். பட்டியலின் நகல் என்னிடம் இருக்கிறது. 23க்கு நேராக மருமகளின் கையெழுத்தில், ‘கைலி, பழையது, 1’ என்றிருக்கிறது.